திங்கள்கிழமை ரொட்டி

ஜெயசீலிக்கு ஒரு வியாதி உண்டு. பயம் வந்தால் சிரிப்பு வந்துவிடும். சாவு வீட்டில் வந்திருக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில், சாமியாருக்கு எதிரே முழந்தாளிட்டிருக்கும்போது வந்திருக்கிறது. பம்பாய் சயான் ஸ்டேஷனில் ரயில் பாஸ் இல்லாமல் மாட்டிக்கொண்ட அன்று அவள் சிரித்த சிரிப்பில் டிக்கெட் பரிசோதகரே பயந்துபோய் விட்டுவிட்டார். இன்று அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். காலையிலிருந்தே சிரிப்பு வயிற்றுக்குள் சோடா மாதிரிப் பொங்கிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளையைப் பற்றி அவளுக்குப் பயமில்லை. குர்லாவில் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் தனசீலனை எட்டு மாதமாகத் தெரியும். அவள் தோல் பை தைக்கும் ஜெயினுலாப்தீன் பாய் பட்டறையில் தையல் மிஷின் சக்கரம் உடைந்தபோது, புதுச் சக்கரம் கடைந்து கொண்டுவந்தவன் அவன்தான். ஒரு தடவை மாட்டினால் போதும் என்கிற சக்கரத்தைச் சரிபார்க்க ஆறு தடவை வந்தான். ஏழாவது தடவை வந்தபோது பாயே, "தம்பி, சக்கரம் நல்லாத்தான் சுத்துது. நீதான் சுத்துத" என்றார்.

தனசீலனின் அம்மா செல்வமேரிக்கும் இதில் சம்மதம்தான். ஆனால் அந்த அம்மாளின் சம்மதத்தை யார் கேட்டார்கள்? புருஷன் செத்த நாளிலிருந்து அந்த வீட்டுக்கு வாய் என்று இருந்தது அண்ணன் தொம்மையின் வாய்தான். தனசீலனுக்காகத் தொம்மை மாமா இதுவரை ஐந்து பெண்கள் பார்த்துவிட்டு ஐந்தையும் கழித்துக் கட்டியிருந்தார். ஒருத்தி குட்டை, ஒருத்தி நெட்டை, ஒருத்தி வீட்டு நாய் அவரைப் பார்த்துக் குரைத்ததாம். பேச்சு முடியாமல் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது, நனைத்தால் சம்மதம் சொன்னதாக அர்த்தம் என்பது ஊர் வழக்கம். மற்றவர்கள் அதைச் சோற்றோடு நிறுத்திக்கொள்வார்கள். மாமா பச்சைத் தண்ணீருக்கும் நீட்டியிருந்தார். ஐந்து வீட்டிலும் நாக்கு உலர்ந்துதான் எழுந்து வந்தார்.

பெண் பார்ப்பது தாராவியில் அவள் வீட்டில்தான் நடந்திருக்க வேண்டும். ஆனால் அறுபத்து மூன்றாம் வருஷத்து ஜூலை மழைக்கு அது தெரியுமா? வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். சட்டியும் பானையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மிதந்தன. அம்மா போன பிறகு வீட்டில் அவளும் அப்பா சந்தியாகுவும் மட்டும்தான்.

"வாரவியள எங்கட்டி உக்கார வைக்க, பரண்லயா?" என்று தலையைச் சொறிந்த அப்பா, கடைசியில் தான் வேலை பார்க்கும் மாகிம் தவெர்னாவுக்கே வரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டார்.

தவெர்னா என்றால் கோவாக்காரர் பேச்சில் சாராயக்கடை. மதுவிலக்கு பம்பாயில் அங்கே ராஸ்பெர்ரி சோடாதான் கிடைக்கும். ஆனாலும் பெயரை மாற்றமாட்டேன் என்று முதலாளி கயத்தான் பிடிவாதமாக இருந்தார். கட்டிடம் கும்பினிக்காரன் காலத்து வெடிமருந்துக் கிடங்கு. ஒரு காலத்தில் சுருட்டுப் பற்றவைத்தாலே முதுகுத்தோல் உரிந்திருக்கக்கூடிய இடத்தில், இன்று ஆள் உயர விறகடுப்பு ஒன்று திகுதிகுவென்று எரிந்தது. இத்தாலிக் கப்பலில் சமையல் வேலை பார்த்தபோது நேப்பிள்ஸில் கண்ட அடுப்பை, கயத்தான் செங்கல்லும் களிமண்ணுமாக அப்படியே கட்டியிருந்தார். அதில் பிட்சா சுட்டு விற்றார். சந்தியாகு அதைத் தக்காளி ரொட்டி என்பார். அடுப்பு அவர் பொறுப்பு.

திங்கள்கிழமை கடைக்கு லீவு. அடுப்புக்கு லீவு கிடையாது. ஒரு நாள் ஆறவிட்டால் மறுநாள் சூடேற ஒரு வண்டி விறகைத் தின்றுவிடும். அதனால் சந்தியாகு லீவு நாளிலும் வந்து நெருப்பை அணையாமல் பார்த்துக்கொள்வார். அந்தச் சூட்டில் தன் வீட்டு மாவைப் போட்டுத் தன் வீட்டு ரொட்டியைச் சுட்டுக்கொள்ள அவருக்கு அனுமதி உண்டு.

இன்றும் ஜெயசீலி மாவுச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்திருந்தாள். தக்காளி, எருமைப்பால் சீஸ், எண்ணெயில் ஊறவைத்த நெத்திலிக் கருவாடு எல்லாம் கூடவே வந்தன. இத்தாலிக்காரன் டப்பா மீனைத்தான் போடுவான். அந்த டப்பா கப்பலில் வருவது நின்று வருஷக்கணக்காகிவிட்டது. வருகிறவர்கள் தொடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவர்கள் போன பிறகு தங்களுக்கும் வயிறு இருக்கிறதே.

நாலு மணிக்கு வர வேண்டியவர்கள் ஐந்தரைக்கு வந்தார்கள். செம்பூரில் பஸ் நின்றுபோய் முக்கால்வாசி தூரம் நடை. முதலில் கம்பிகள் மேல்நோக்கி மடங்கிய குடை வந்தது. அதன் கீழே தொம்மை மாமா, அவர் பின்னால் செல்வமேரி, அவளுக்கும் பின்னால் நனைந்த கோழியாகத் தனசீலன். அவனைப் பார்த்ததும் ஜெயசீலிக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்தாள்.

"தண்ணி தரட்டுமா அண்ணாச்சி?" என்றார் சந்தியாகு.

"ஒண்ணும் வேண்டாம் வே. மத்தியானச் சாப்பாடுகூட இல்லாம வந்திருக்கோம், அப்படியே போயிருவோம்." மாமா அடுப்புக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் வேட்டியிலிருந்து ஆவி பறந்தது. "ஏளா, பேரு என்ன?"

"ஜெயசீலி."

"தாயில்லாப் பிள்ள. சமையல்லாம் வருமா?"

"வரும் மாமா."

"எதுக்கு ஒதட்டக் கடிக்க?"

மாமாவின் முதுகுக்குப் பின்னால் தனசீலன் தன் உதட்டைக் கடித்துக் காட்டினான். படுபாவி. ஜெயசீலி தாவணி முனையை வாயில் திணித்துக்கொண்டாள். ஆறாவது பெண்ணுக்கு என்ன குறை சொல்லலாம் என்று மாமாவின் கண்கள் தேடத் தொடங்கியிருந்தன. இவ்வளவு ஆசைப்பட்டவனை ஒரு சிரிப்பில் கோட்டைவிடப் போகிறோமே என்று நினைத்ததும் அழுகை வர வேண்டும் அல்லவா? அவளுக்கு இன்னும் கொஞ்சம் சிரிப்புதான் வந்தது.

அந்த நேரம் பார்த்து, நாலு மணிக்காரர்கள் இனி வரமாட்டார்கள் என்று சந்தியாகு அடுப்பில் தள்ளியிருந்த ரொட்டி வெந்துவிட்டது. விட்டால் கருகிவிடும். சந்தியாகு நீளக் கட்டைத் துடுப்பால் அதை வாரி எடுத்து மேசையில் வைத்தார். ஓரமெல்லாம் உப்பி, சீஸ் கொப்பளித்து, நடுவில் நெத்திலிகள் பொரிந்து கிடந்தன. வாசனை இரண்டு முழக் கனமுள்ள கிடங்குச் சுவரில் முட்டித் திரும்பி நேராக மாமாவின் மூக்கைப் பிடித்தது. மாமா உவரிக்காரர். கடற்கரையில் பிறந்தவர்.

"என்ன வே இது?"

"தக்காளி ரொட்டி அண்ணாச்சி."

"மேல கிடக்கது நெத்திலிதான?"

"ஆமா."

மாமா எச்சில் விழுங்கியது எல்லோருக்கும் கேட்டது. அவர் சுவரைப் பார்த்தார், மழையைப் பார்த்தார், திரும்பவும் ரொட்டியைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு பிறந்தது.

"இது ஹோட்டல்தான? பொண்ணு வீடு இல்லயே? காசக் குடுத்து வாங்கித் தின்னா எந்த வழக்கமும் கெட்டுப் போவாது. நான் இப்ப கஸ்டமர். ஒண்ணு குடும்."

சந்தியாகு பொய் சொல்லத் தெரியாத மனிதர். "அண்ணாச்சி, இன்னைக்குக் கடை..." என்று ஆரம்பித்துவிட்டார்.

ஜெயசீலி அப்பாவுக்கு முன்னால் பாய்ந்தாள். "எத்தன துண்டாப் போடணும் மாமா?"

வாழ்க்கையில் அவள் அவ்வளவு வேகமாக யோசித்தது அன்றுதான். எட்டுத் துண்டாக வெட்டினாள். மாமா முதல் துண்டை மரியாதையாகத் தின்றார். இரண்டாவதை அவசரமாகத் தின்றார். மூன்றாவதில் சீஸ் நூலாக நீண்டு தாடையிலிருந்து தொங்க, அதைத் துரத்திக்கொண்டு கழுத்தை வளைத்தார். "சவ்வு மாரில்லா இழுக்கு, ஆனா என்ன ருசி!" என்றார். நாலு, ஐந்து, ஆறு. தங்கையையும் மருமகனையும் ஒப்புக்குக்கூடக் கூப்பிடவில்லை. ஏழாவது துண்டு உள்ளே போனபோது தனசீலன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அவன் தோள்கள் குலுங்கின. ஜெயசீலிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

மாடியில் தூங்கிக்கொண்டிருந்த கயத்தான் கொட்டாவி விட்டபடி இறங்கி வந்தார். மாமா கையைத் துடைத்து, ஐந்து ரூபாய் நோட்டை நீட்டினார்.

"கித்னா ஹுவா சேட்?"

"பைசா?" கயத்தான் நோட்டையும் மாமாவையும் மாறிமாறிப் பார்த்தார். "ஆஜ் ஹோட்டல் பந்த் ஹை. சோம்வார் சுட்டி. சப் கானா சந்தியாகு கே கர் கா ஹை." லீவு நாளில் கல்லாப்பெட்டியைத் திறந்தால் பாவம் என்பது போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

நீட்டிய நோட்டோடு மாமா அப்படியே நின்றார். இருபது வருஷ பம்பாய் ஹிந்தி அவருக்கு. இன்று கடை லீவு, தின்றதெல்லாம் சந்தியாகு வீட்டுச் சாப்பாடு என்பது ஒரு சொல் விடாமல் புரிந்தது.

"மாவு யாரு வீட்டுது?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுது அண்ணாச்சி" என்றார் சந்தியாகு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

"நெத்திலி?"

"நேத்து நான் வாங்குனது மாமா" என்றாள் ஜெயசீலி. 'மாமா' என்கிற சொல்லின் வால் சிரிப்பாகக் கழன்று ஓடியது.

"செல்லாது!" மாமா பெஞ்சைத் தட்டினார். "தெரியாமத் தின்னது கணக்குல வராது. அறியாமச் செஞ்சா பாவமே இல்லன்னு சாமியாரே சொல்லுதாரு. செல்வமேரி, எந்திரி, போவம்."

செல்வமேரி எழுந்தாள். ஆனால் வாசல் பக்கம் போகவில்லை. மேசைக்கு வந்தாள். தட்டில் மிஞ்சியிருந்த எட்டாவது துண்டை எடுத்தாள். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாத அந்த அம்மாள், அண்ணன் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டே ஒரு கடி கடித்தாள். அவசரமே இல்லாமல் மென்று விழுங்கினாள்.

"அண்ணே," என்றாள், "நான் தெரிஞ்சேதான் திங்கேன்."

அதற்குமேல் ஜெயசீலியால் முடியவில்லை. எட்டு மாதத்துச் சிரிப்பு மொத்தமாக வெளியே வந்தது. அடுப்பைப் பிடிக்கப் போய், சுட்டு, கையை உதறிக்கொண்டே சிரித்தாள். ஜன்னலோரம் தனசீலன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். விஷயம் புரியாத கயத்தானும் சேர்ந்து சிரித்தார். செல்வமேரி மட்டும் சிரிக்காமல் நெத்திலியைத் தனியாக எடுத்து ருசித்துக்கொண்டிருந்தாள்.

தொம்மை மாமா எல்லோரையும் ஒரு சுற்று முறைத்தார். தங்கையை மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம், இதற்கு முன் பார்த்திராத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். நோட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"ஏளா ஜெயசீலி, கருவாட்டுல உப்பு கூடிப்போச்சு" என்றார். "ஒரு செம்பு தண்ணி கொண்டா."