கீழ்வரிசைப் பற்கள்

இருவருமே நடுவயதில் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவர் பல் செட் செய்பவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவரிடம் ஏற்கனவே ஒரு நாய் இருந்தது, பெயர் பட்டாளம். அவள் குடிவந்த அன்று பெட்டி படுக்கையோடு ஒரு பூனையும் வந்து இறங்கியது. அது ராணி.

அன்றிலிருந்து வீட்டில் வழக்குக்குப் பஞ்சமில்லை. கூப்பிட்டால் ஓடி வர வேண்டும், இல்லாவிட்டால் வளர்த்து என்ன பயன் என்பது அவர் கட்சி. கூப்பிட்டதற்கெல்லாம் வாலாட்ட ஆள் வேண்டுமென்றால் ஏதாவது ஆபீஸில் மேனேஜராகப் போங்கள் என்பாள் அவள். நாயைக் குளிப்பாட்ட வேண்டும், நடத்திக் கூட்டிப் போக வேண்டும். ராணி தன் முகத்தைத் தானே கழுவிக்கொள்கிறாளே என்பாள். உன் முகம் அதற்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேள் என்பார் அவர். வழக்குக்குக் காரணமான இரண்டும் ஒன்றையொன்று ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

ஒரு சனிக்கிழமை பட்டறை மேசையில் மேல்வரிசைப் பல் மட்டும் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தது. கீழ்வரிசையைக் காணோம். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவருக்காக மெருகேற்றி வைத்திருந்த செட் அது. சாயங்காலம் வாங்க வருகிறார்.

“மேசை மேல ஏறுறது யாரு? உன் ராணிதானே?” என்றார்.

“வாயில கவ்வுறது யாரு?” என்றாள்.

வீட்டையே தலைகீழாகப் புரட்டியும் கிடைக்கவில்லை. கடைசியில் அவள்தான் யோசனை சொன்னாள். உடைந்த பழைய பல் ஒன்றை மேசையில் வைத்துவிட்டு, இருவரும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

சற்று நேரத்தில் ராணி மேசையில் ஏறியது. இப்படியும் அப்படியும் பார்த்தது. முன்னங்காலால் பல்லை மெல்லத் தள்ளித் தள்ளி ஓரத்துக்குக் கொண்டுவந்தது. கீழே பட்டாளம் வாயைத் திறந்து தயாராக நின்றது. பல் விழுந்ததும் லபக்கென்று கவ்விக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டது. ராணியும் பின்னாலேயே போனது.

குனிந்து பார்த்தால், அவள் பல மாதமாகத் தேடிய சிவப்புப் பேனா, அவருடைய ஒற்றைச் செருப்பு, நடுவில் நீதிபதியின் கீழ்வரிசை. அதில் பட்டாளத்தின் பற்கள் பதிந்த தடம். கூட்டாளிகள் இருவரும் அதன் இரண்டு பக்கமும் ஒட்டிப் படுத்திருந்தார்கள்.

வாசல் மணி அடித்தது. அவள் கதவைத் திறந்து, கண் இமைக்காமல் சொன்னாள்:

“கடைசி நேரத்துல சின்னக் குறை ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. அரைகுறையா உங்க கையில குடுக்க இவருக்கு மனசு வரலைங்க.”

நீதிபதி உருகிப்போனார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவரோ மனைவியைப் புதிதாய்ப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது நீதிபதி, தனக்கும் துணைக்கு ஒன்று வளர்க்க ஆசை என்றும், நாய் நல்லதா பூனை நல்லதா என்றும் கேட்டார். வேறொரு நாளாக இருந்தால் இருவர் கட்சியையும் கேட்டு முடித்து நீதிபதி வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்.

“எதுவானாலும் ஒண்ணோட நிறுத்திக்குங்க” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அவர் கீழ்வரிசையை முதலிலிருந்து புதிதாகச் செய்து கொடுத்தார். நீதிபதி பட்டறையிலேயே ஒரு ஆப்பிளைக் கடித்துப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனார். வீட்டில் வழக்கு மட்டும் ஓயவில்லை. திட்டம் போட்ட மூளை ராணியுடையது என்று அவள் பெருமையடித்துக்கொள்கிறாள். சத்தமில்லாமல் சரக்கைக் கடத்தியது யார் என்று அவர் கேட்கிறார்.