‘கேட்டுக்கிட்டோம்’ என்பது சம்மதம் அல்ல

வீட்டில் வைத்த பேர் ஒன்று இருந்தாலும் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அவள் ‘ரேடியோ’தான். சின்ன வயதில் வாய் மூடாமல் பேசிக்கொண்டிருந்ததால் ஒட்டிக்கொண்ட பேர். வளர்ந்த பிறகு அந்த வாயையே பிழைப்பாக்கிக்கொண்டாள். ஆற்றோரக் காட்டின் பூர்வகுடிகளில் படித்து அரசு வேலைக்குப் போன முதல் பெண் அவள். பதினாறு வருஷமாக நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். தாய்மொழியான ஆற்றுமொழி மட்டும் தெரிந்தவர் யாராவது கூண்டில் ஏறினால், அவருக்கும் நீதிபதிக்கும் நடுவில் நின்று பேசுவாள். ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தக் கர்வத்துக்கு அவள் கொடுத்த விலை அவளுடைய அண்ணன்.

ஆற்றின் கீழ்ப்பகுதியில் எண்ணெய்க் கம்பெனிக்கு ஏற்கெனவே நான்கு கிணறுகள். அங்கே குழாய் கசிந்ததிலிருந்து வலையில் விழும் மீனில் மண்ணெண்ணெய் வாடை. ஆற்றில் குளித்த பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் தடிப்பு. மனு கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோனதும், படகுக்காரனான அண்ணன் ஒருநாள் கம்பெனித் தோணியின் கயிற்றை அறுத்து ஆற்றோடு விட்டுவிட்டான். நீதிமன்றத்தில் அவனுக்கு மொழிபெயர்க்க அந்த மொழி தெரிந்த வேறு ஆளில்லை. “ஆமா, நான்தான் அறுத்தேன்” என்றான். அவளும் அப்படியே சொன்னாள். மூன்று மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தவன், அதன்பிறகு இரண்டு வருஷமாக அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது கம்பெனி ஆற்றின் மேல்பகுதிக்கு வந்திருந்தது. ஊர் குடிக்கத் தண்ணீர் எடுக்கும் இடத்தை ஒட்டி ஒன்பது புதுக் கிணறுகள். பூர்வகுடிகளின் நிலத்தில் கை வைக்க வேண்டுமென்றால், அவர்களுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும் என்பது சட்டம். அதற்காக நகராட்சி மண்டபத்தில் ஒரு விசாரணைக் கூட்டம் ஏற்பாடானது. மொழிபெயர்க்க அவளை அனுப்பினார்கள்.

கம்பெனி மேலாளர் வாசலிலேயே வந்து வரவேற்றார்.

“நீங்க அந்த ஊர்க்காரங்கதானே மேடம்? ரொம்ப வசதியாப் போச்சு. அறிக்கை நாற்பது பக்கம். நீங்க சுருக்கமா நாலு வார்த்தை சொன்னாப் போதும், சாப்பாட்டுக்கு முன்னால முடிச்சிடலாம்.”

“சுருக்கிச் சொல்ற உரிமை எனக்கு இல்ல சார். நீங்க சொல்றதைத்தான் நான் சொல்ல முடியும்.”

மண்டபத்தில் மெத்தை வைத்த நாற்காலிகள் முன்வரிசையில் கம்பெனிக்காரர்களுக்கு. பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள். விடியற்காலையிலேயே படகேறி முந்நூற்றுச் சொச்சம் பேர் வந்திருந்தார்கள். நாற்காலி போதாமல் பாதிப் பேர் சுவரோரம் நின்றார்கள். ஊர் சார்பில் பேச அண்ணன்தான் நடுவில் உட்கார்ந்திருந்தான். தங்கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். மேடையில் விசாரணை அதிகாரி, கண்ணாடி அணிந்த, அதிகம் பேசாத ஒரு அம்மாள்.

மேலாளர் வாசித்தார்: “ஆற்று நீரின் மீதான தாக்கம் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் இருக்கும்.”

அவள் வாய் திறந்தாள், மூடினாள். பிறகு மேடைப் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, எங்க மொழியில யார் அனுமதிச்சாங்கன்னு சொல்லாம ‘அனுமதிக்கப்பட்ட’ன்னு சொல்ல முடியாது. வரம்புன்னா எவ்வளவுன்னும் தெரியணும். இது ரெண்டும் இல்லாம என்னால மொழிபெயர்க்க முடியல.”

“சும்மா குழப்பாதீங்க மேடம்” என்றார் மேலாளர்.

“நியாயமான கேள்விதான்” என்றார் அதிகாரி. “பதில் சொல்லுங்க.”

மேலாளர் பொறியாளரைப் பார்த்தார். கம்பெனிப் பொறியாளர் பொய் சொல்லிப் பழகாத ஆள் போலிருக்கிறது. எழுந்து நின்று, “ஒரு நாளைக்கு எட்டு லட்சம் லிட்டர் கழிவுத் தண்ணி ஆத்துல விடுவோம். சுத்தம் பண்ணித்தான்” என்றார். கொஞ்சம் தயங்கி, “உப்பு முழுசாப் போகாது. ஈயமும் கொஞ்சம் இருக்கும்” என்று சேர்த்துக்கொண்டார். மேலாளரின் முகத்தில் ஈயாடவில்லை.

அவள் அதை ஆற்றுமொழியில் சொன்னபோது தாய்மார்கள் பிள்ளைகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள்.

அதன்பிறகு ஒவ்வொரு பக்கமும் இப்படித்தான் போயிற்று. பூசி மெழுகின சொல் வரும்போதெல்லாம் அவள் நிறுத்தினாள், கேட்டாள், கிடைத்த பதிலை அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தாள். “தற்காலிக இடப்பெயர்வு” வந்ததும், “எத்தனை நாளைக்கு?” என்றாள்.

“இருபத்தஞ்சு வருஷம்” என்றார் பொறியாளர், மேஜையைப் பார்த்தபடி.

சுவரோரம் நின்ற பல் போன கிழவி ஒருத்தி உடம்பு குலுங்கச் சிரித்தாள். “அப்போ நான் தற்காலிகமாச் செத்துப்போயிட்டு வந்துடறேன்!” என்றாள். கூட்டம் மொத்தமும் சிரித்தது. ரேடியோ அதையும் ஒரு சொல் விடாமல் மேடைக்குச் சொன்னாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

சாப்பாட்டு நேரம் தாண்டி வெகுநேரம் கழித்துத்தான் நாற்பது பக்கமும் தீர்ந்தது. அண்ணன் எழுந்தான். “நீங்க சொன்னதை எல்லாம் கேட்டுக்கிட்டோம்” என்று மட்டும் சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் மேடைக்கு அதே சொல்லைச் சொன்னாள்.

குமாஸ்தா தட்டச்சு செய்த நடவடிக்கைக் குறிப்பு அவள் கைக்கு வந்தது. மொழிபெயர்ப்பாளர் கையெழுத்துப் போட்டால்தான் அது செல்லும். கடைசி வரியில், ‘விளக்கத்தைக் கேட்டு மக்கள் ஒப்புக்கொண்டனர்’ என்று இருந்தது.

“ஒரு கையெழுத்துதான் மேடம்” என்று மேலாளர் பேனாவை நீட்டினார்.

அவள் பேனாவை வாங்கவில்லை, மைக்கை வாங்கினாள்.

“அம்மா, இவங்க சொன்னது ‘கேட்டுக்கிட்டோம்’. இதுல ‘ஒப்புக்கொண்டனர்’னு இருக்கு. சொல்லாத சொல்லுக்குக் கீழ நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“பேச வந்தவரு உங்க அண்ணன்தானே?” என்றார் மேலாளர் சத்தமாக. “அதான் பாசம் பேசுது.”

அவள் மேலாளர் பக்கம் திரும்பினாள்.

“ஆமா சார், என் கூடப் பிறந்தவர்தான். இதே அண்ணன் கூண்டுல நின்னு ‘நான்தான் அறுத்தேன்’னு சொன்னாரு. அதையும் நான் சொன்னபடியேதான் சொன்னேன். மூணு மாசம் ஜெயில்ல இருந்தாரு. கோர்ட் ரெக்கார்டு இருக்கு, போய்ப் பாருங்க. அன்னிக்குப் பேசாத பாசம் இன்னிக்கு எதுக்குப் பேசணும்?”

சொல்லி முடித்ததும்தான் நினைவு வந்தது, இதையும் மொழிபெயர்க்க வேண்டும். மக்கள் பக்கம் திரும்பி மேலாளர் சொன்னதையும் தான் சொன்னதையும் ஆற்றுமொழியில் சொன்னாள். அண்ணன் மின்விசிறியைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதிகாரி அந்தக் கடைசி வரியைத் தன் பேனாவால் அடித்தார். “சம்மதம் இருக்கறவங்க கையைத் தூக்கச் சொல்லுங்க.”

ஒரு கைகூட எழவில்லை.

“மறுக்கிறவங்க?”

பிளாஸ்டிக் நாற்காலிகள் கிறீச்சிட்டன. கூட்டமே எழுந்து நின்று கையைத் தூக்கியது. பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தவர்கள் மற்றக் கையைத் தூக்கினார்கள். குமாஸ்தா இரண்டு முறை எண்ணினார். முந்நூற்று இருபத்தேழு பெரியவர்கள். அந்த எண்ணுக்குக் கீழே அவள் நிதானமாக, முழுப் பேரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

படிக்கட்டில் அண்ணன் காத்திருந்தான்.

“அன்னிக்கு நீ என்னைக் காட்டிக் கொடுத்துட்டேன்னு நினைச்சேன்.”

“நீ சொன்னதைத்தானே அண்ணா சொன்னேன்?”

“இன்னிக்கும் அதைத்தானே செஞ்ச? இது மண்டையில ஏற எனக்கு ரெண்டு வருஷம் ஆயிருக்கு பாரு.” அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். “காலையிலிருந்து நீ ஒண்ணும் சாப்பிடல. வா.”

நான்கு மாதம் கழித்து உத்தரவு வந்தது. மக்களின் சம்மதம் இல்லாததால் மேலாற்றுக் கிணறுகளுக்கு அனுமதி இல்லை. கீழாற்றில் தண்ணீரைச் சோதித்து அறிக்கை தர வேண்டும். அங்கே குழாய் கசிந்ததற்காக ஊர் போட்ட வழக்கு தனியாக நடக்கும். அதே வாரம் அவளுக்கும் ஓர் உத்தரவு வந்தது, எட்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊருக்கு இடமாற்றம். காரணம் எதுவும் போட்டிருக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

கிளம்பும் முன் படகேறி ஊருக்குப் போய், பள்ளிக்கூட வராந்தாவில் நின்று உத்தரவை வாசித்தாள். முடித்ததும், “இன்னொரு தரம்” என்றார்கள். மூன்று தரம் வாசித்தாள்.

“கீழாத்து வழக்கு பதினைஞ்சாம் தேதி வருது” என்றான் அண்ணன். “நீ அவ்வளவு தூரத்துல இருப்பியே.”

அவள் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். தோலில் தடிப்போடு பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, வராந்தாச் சுவரில் வைத்து, புது அலுவலகத்துக்கு முதல் விடுப்புக் கடிதத்தை எழுதத் தொடங்கினாள்.