ஏழாவது டிராக்

தம்பி தன் லேப்டாப்போடு சொந்த சிடி டிரைவையும் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தபோதே அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா போய் எட்டு மாதம். படுக்கையில் கிடந்த நான்கு வருடமும் எட்டிப் பார்க்காத மகராசன், சிடியில் இருக்கும் அம்மாவின் குரலுக்கு மட்டும் பிள்ளையாக வந்துவிட்டான்!

"போன மாசமே காப்பி எடுத்துக் குடுத்தேனேடா. அதுல என்ன குறை?"

"எல்லாப் பாட்டுலயும் டிக் டிக்னு சத்தம். அதை விடு. சிடி உறையில அம்மா கையால ஏழுன்னு எழுதியிருக்காங்க. நீ குடுத்ததுல ஆறுதான் இருக்கு."

"ஏழாவது என் கம்ப்யூட்டர்ல ஓடலை."

பச்சைப் பொய். ஏழாவதில் பாட்டே இல்லை. அதில் அம்மா அவனிடம் பேசிப் பதிந்திருந்தாள். இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கொண்டு போனவன் போன் செய்யும்போதெல்லாம், "அம்மா உன் மூஞ்சியில முழிக்க மாட்டாங்களாம், வராதே" என்று சொன்னவள் அக்காதான். குளிப்பாட்டி, ஊட்டி, பீ அள்ளியவள் இவள். அம்மா வாய் திறந்தால் கேட்டது அவனை. வயிறு எரியாதா?

அதனால்தான் காலையில் அவன் வருகிறேன் என்றதும் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்து, சிடி தட்டின் ஓரத்தில் நாலு இழுப்பு இழுத்துவிட்டாள். கடைசி டிராக் ஓரத்தில்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தூக்கி எறியத்தான் மனம் வரவில்லை. மற்ற ஆறும் அம்மா பாடியவை. இவள் தினமும் போட்டுக் கேட்பாள்.

தம்பி தட்டைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான்.

"வீட்ல பூனை வளக்கிறியா?"

"நக்கலை உன் பொண்டாட்டிகிட்ட வச்சுக்கோ."

அவன் டிரைவுக்குள் தட்டைத் தள்ளினான். ஒவ்வொரு துண்டையும் இரண்டு முறை படித்து, இரண்டும் ஒத்துப்போனால்தான் அது அடுத்ததற்கு நகரும். ஆறு பாட்டும் அரை மணியில் முடிந்தன. ஏழாவதில் டிரைவ் உறும ஆரம்பித்தது. முப்பத்தொரு சதவீதத்தில் நின்றது. மறுபடி படித்தது, மறுபடியும். அக்கா அவனுக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

"விடுடா. அது போயிடுச்சு."

"எண்பது தடவை படிக்கும். எனக்கு ஒண்ணும் அவசரமில்லை." நாற்காலியில் சாய்ந்தான். "கீறினவங்களுக்கு விவரம் பத்தலை. குறுக்கே கீறியிருக்காங்க. குறுக்கேன்னா அங்கங்க கொஞ்சந்தான் போகும், மிச்சத்தை வச்சு அதுவே சரிபண்ணிக்கும். வட்டமா சுத்திக் கீறியிருந்தா ஒண்ணும் மிஞ்சியிருக்காது."

அடச்சே! கையாலாகாதவள், கெடுப்பதைக்கூட உருப்படியாகக் கெடுக்கத் தெரியவில்லை. அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

முப்பத்திரண்டு. நாற்பது. பிறகு மளமளவென்று ஏறி நூறைத் தொட்டது. திரையில் ஏழு வரிகள். ஏழிலும் பிழை இல்லை. அவன் ஏழாவதைத் தட்டினான்.

"சின்னவனே," என்றாள் அம்மா, மூச்சு வாங்க. "தினம் உன்னைத்தான் கேட்டுட்டிருக்கேன். அக்கா போன்ல சொல்லியிருப்பாளே. கோவமெல்லாம் எப்பவோ போயிடுச்சுப்பா. ஒரு தடவை வந்துட்டுப் போயேன்."

அவன் இன்னொரு முறை போட்டுக் கேட்டான். பிறகு புதுத் தட்டில் காப்பி எடுத்து, பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்து, பையில் வைத்துக்கொண்டான். கீறல் தட்டை அவள் பக்கம் தள்ளினான்.

"இதை நீயே வச்சுக்கோ. உன் கம்ப்யூட்டர்லதான் ஆறுக்கு மேல ஓடாதே."

அக்கா வெடித்தாள். "நாலு வருஷம் நான் ஒருத்திதானேடா பாத்தேன்!"

அவன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தான்.

"என்னைப் பாக்க விட்டியா?"