ஒரே விலாசத்தில் இரண்டு கவிதைகள்

ஜெயந்தினிக்குக் கவிதை வந்த அளவுக்கு விலாசம் எழுத வராது. எழுதுவதற்கு அவளிடம் ஒரு விலாசம் இருந்தால்தானே! லுணுகலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் இலக்கமே இல்லாத ஒன்று. கடிதம் வந்தால் தோட்ட ஆபீசுக்குத்தான் போகும்; அங்கே மேசைக்கு மேசை உலாத்திவிட்டு, யாருக்காவது மனசு வந்தால் கைக்குக் கிடைக்கும். அதனால் தோட்டத்துச் சனம் பலபேர் செய்வதைத்தான் அவளும் செய்தாள். டவுனில் பழகிய கடையின் விலாசத்தைப் போட்டாள்: பஸீல் ஸ்டோர்ஸ், லுணுகலை.

பதுளை வாசகர் வட்டம் 'என் ஊர்' என்ற தலைப்பில் கவிதை கேட்டிருந்தது. தேறியதைப் புத்தகமாகப் போடுவார்களாம். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொள்வது ஜெயந்தினியின் வேலை. அதுகள் தூங்குகிற நேரத்தில் எழுதியதை அனுப்பினாள். பரிசெல்லாம் அவளுக்கு வேண்டாம். தன் பேரும் அதற்குக் கீழே தோட்டத்தின் பேரும் அச்சில் வந்தால் போதும். தோட்டத்தின் பேர் இத்தனை காலமும் தேயிலைப் பெட்டியில்தான் அச்சாகியிருக்கிறது, மனுசருக்குக் கீழே அச்சாகி அவள் பார்த்ததில்லை.

வினை எங்கே வந்ததென்றால், கடைக்காரர் பஸீலின் மனைவி பர்ஸானாவும் அதே போட்டிக்கு ஒன்று அனுப்பியிருந்தாள். இருவரும் ஒருவருக்கொருவர் மூச்சுவிடவில்லை. பருப்பு நிறுக்கிற இடத்தில் நின்றுகொண்டு, நான் கவிதை எழுதுகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

போன வருடம் ஒரு மகராசன் தன் மனைவி பேரில் ஒன்று, மச்சான் பேரில் ஒன்று, பால்குடி மறக்காத பிள்ளையின் பேரில்கூட ஒன்று என்று அனுப்பி வட்டத்தையே ஏய்க்கப் பார்த்திருந்தார். அதில் சூடுபட்டவர் செயலாளர் ஜெயரூபன். இந்த வருடம் ஒரே கடையிலிருந்து இரண்டு கவிதை, இரண்டும் காலையில் கதவு திறப்பதில் தொடங்குகின்றன என்றதும் அவருக்குப் பொறி தட்டிவிட்டது. நேரில் வந்து விளக்கம் சொல்லாவிட்டால் இரண்டையும் நீக்குவோம் என்று, இரண்டு பேரையும் ஒரே உறையில் எழுதி அனுப்பிவிட்டார். பர்ஸானா கடையில் அதைப் பிரித்தபோதுதான் இருவரின் குட்டும் வெளிப்பட்டது.

பதுளைக்குப் போகிற பஸ்ஸில், ஒருத்தி கவிதையை மற்றவள் முதன்முதலாக வாசித்தாள்.

"ரெண்டும் ஒரே கை மாதிரித்தான் இருக்கு," என்றார் ஜெயரூபன், வட்டத்தின் அறையில் இருவரையும் எதிரே உட்காரவைத்து. "இந்த ஊர் எங்களுக்கும் சொந்தமான்னு ரெண்டுலயும் ஒரே கேள்வி. எழுதினவங்க யார்னு ஒத்துக்கிட்டா ஒண்ணையாவது போடலாம்."

ஜெயந்தினி யோசித்தாள். விலாசம் பர்ஸானாவுடையது. அவள் 'இரண்டும் என்னுடையது' என்றால் மறுக்கத் தன்னிடம் என்ன இருக்கிறது? போனால் போகட்டும், பர்ஸானா அக்காவுடையதாவது வரட்டும் என்று எழுந்தாள். பர்ஸானா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"சேர், நாலு தலைமுறையா கடை வெச்சிருக்கோம். இன்னும் 'ஒங்கட ஊர் எது'ன்னு கேக்குறாங்க. என்ட கவிதை முழுக்க அதுக்குத்தான் பதில் சொல்லுது. பள்ளிவாசலக் காட்டுறேன், எங்கட ஆக்கள அடக்கின மையவாடியக் காட்டுறேன், சாட்சி சேத்துக்கிட்டே போறேன். இவங்கட கவிதையில சாட்சியே இல்ல. ஒரு குழந்தை தவழ்ந்து போய் மண்ண அள்ளித் திங்குது. தாய் அதத் தட்டிவிடல்ல. அவ்வளவுதான். நான் தொண்ட கிழியக் கத்தினத இவங்க சத்தமில்லாமச் சொல்லிட்டாங்க. எனக்கு அப்பிடி எழுத வராது சேர்."

ஜெயந்தினிக்குக் கண் நிறைந்துவிட்டது. யாராவது சிரிப்பார்களோ என்று பயந்து எத்தனையோ முறை வெட்டி, மனசு கேளாமல் திரும்ப எழுதிய வரி அது.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று ஜெயரூபன் அவள் பக்கம் திரும்பினார்.

"அக்கா கவிதையில கதவு தொறந்ததும் ஆளுங்க உள்ள வர்றாங்க சேர். யார் என்னன்னு கேக்காம அவங்களுக்கு எடம் இருக்கு. என்னோடதுல கதவத் தொறந்தா எல்லாரும் வெளிய போறாங்க. விடிஞ்சா வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போறாங்க, பெரிய புள்ளைங்க கொழும்புக்குப் போறாங்க, தாத்தா காலத்துல கப்பலேறி இந்தியாவுக்குப் போனாங்க. இத்தன பேரு போயும் மிச்சம் இருக்கிறவங்கதான் எனக்கு ஊரு. அக்காவுக்கு வர்றவங்களும் ஊருதான்."

ஜெயரூபன் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடி வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் முகத்தில் இருந்த விறைப்பு போய்விட்டது.

"மன்னிச்சுக்குங்க. ரெண்டையும் போடுறோம். ஆனா விலாசம் மட்டும் ஏன் ஒண்ணு?"

"எங்க வீட்டுக்கு நம்பர் இல்லீங்க. அதான் அக்கா கடையப் போட்டேன்," என்றாள் ஜெயந்தினி. இதை வெளியாளிடம் சொல்ல அவளுக்கு எப்போதும் கூச்சம். அன்று கூசவில்லை. "என் பேருக்குக் கீழ குருவிமலைத் தோட்டம், கீழ்ப்பிரிவுன்னு போடுங்க சேர்."

அவர் எழுதிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் அருகருகே இடம் கிடைத்தது. "ரொம்ப நன்றிக்கா," என்றாள் ஜெயந்தினி. "ரெண்டும் ஒங்களுதுன்னு சொல்லியிருந்தா அவங்க நம்பியிருப்பாங்க."

"நானெல்லோ நன்றி சொல்லணும். 'ஒங்கட ஊர் எது'ன்னு துரத்துறவங்களப் பத்தி எழுதினேன்னுதான் இவ்வளவு நாளும் நெனச்சிருந்தேன். உள்ள வாறவங்கள எனக்குக் காட்டினது நீங்கதான். அல்ஹம்துலில்லாஹ்." பர்ஸானா கொஞ்சம் தயங்கினாள். "என்ட கவிதையில மொதல்ல உள்ள வாற பொண்ணு, கடிதம் வந்திருக்கான்னு கேக்குறாளே, அது யாருன்னு தெரியல்லயா?"

"தோட்டத்து ஆளுங்க எத்தனையோ பேரு கேட்டு வருவாங்களேக்கா."

"அது நீங்க, தங்கச்சி. 'என் ஊர்'னு எழுத உக்காந்தப்ப எனக்கு மொதல்ல வந்தது ஒங்கட முகம்தான்."

ஜெயந்தினி பர்ஸானாவின் கையைப் பிடித்தாள். தான் கேட்காமலே, தனக்குத் தெரியாமலே, ஒருத்தி தன்னைத் தன் ஊரில் சேர்த்துவிட்டிருந்தாள். பிடித்த கையை லுணுகலையில் இறங்கும்வரை அவள் விடவில்லை.