அம்சம் கேட்ட புத்தகம்

நெடுங்கோட்டகத்து ஊர்ப்புற நூலகத்துக்குள் அம்சம் அதுவரை காலடி வைத்ததில்லை. திங்கட்கிழமை காலை அவள் வந்து வாசலில் நின்றதும், பேப்பர் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் எழுந்து போய்விட்டார்கள். ஒருவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை, அப்படி ஓர் அவசரம். அம்சம் ஒதுங்கி அவர்களுக்கு வழிவிட்டாள். ஒரு மாதமாக அவளுக்கு இதெல்லாம் பழகிப்போயிருந்தது.

"அந்தப் புஸ்தகத்தக் குடுங்க மேடம்" என்றாள்.

"எந்தப் புஸ்தகம்க்கா?" என்று கேட்டாள் நூலகர் ஷோபனா. எதுவென்று தெரியாமலா கேட்டாள்? நன்றாகத் தெரியும்.

"ஊரே படிச்சுதே, அது."

"அது வெளிய போயிருக்குக்கா. வந்ததும் சொல்றேன்."

"அமிர்தம் அக்கா நேத்தே திருப்பிக் குடுத்துட்டாங்கன்னு கேள்விப்பட்டேனே."

ஷோபனாவுக்குக் காது மடல் சுட்டது. புத்தகம் அவள் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது. மன்னார்குடியிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வந்து போகிறவள் அவள். பதினோரு வருடமாக இந்த ஊரில் யாரிடமும் பொய் சொன்னதில்லை என்ற நினைப்பு அவளுக்கு உண்டு. ஒரு நொடியில் அது போயிற்று.

அந்தப் புத்தகம் வந்த கதை இதுதான். நூலகத்தில் ஒரு யோசனைப் பதிவேடு தொங்கும். என்ன புத்தகம் வேண்டுமோ வாசகர்கள் அதில் எழுதலாம். 'மாந்திரீகம் பற்றி நல்ல புத்தகம் வாங்கவும்' என்று ஒரே கோரிக்கையை ஏழெட்டுப் பேர் எழுதியிருந்தார்கள். போன வருடம் வெளிநாட்டில் வேலை பார்க்கிற ஊர்ப் பிள்ளைகள் நூலகத்துக்கு நன்கொடை அனுப்பினார்கள். ஷோபனா தஞ்சாவூர்ப் புத்தகக் கண்காட்சிக்குப் போய், கால் கடுக்க நின்று, அறுபது புத்தகம் வாங்கினாள். அந்தப் புத்தகத்தை வாங்கும்போது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தடிமனாக இருந்தது, தங்க எழுத்தில் அட்டை மின்னியது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். ஒரு பக்கம் புரட்டவில்லை. பதிவேட்டில் எழுதியவர்கள் 'நல்ல' என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதியிருந்தார்களே, அதை அவள் கண்டுகொள்ளவே இல்லை.

வந்த நாளிலிருந்து அந்தப் புத்தகம் அலமாரியில் தங்கவில்லை. கைமாறிக் கைமாறி, ஆவணி மாதத்தில் மேலத்தெரு அமிர்தத்தின் கைக்குப் போனது. அமிர்தத்தின் மகன் சூர்யபிரகாஷ் கத்தாரில் இருக்கிறான். மருமகள் கவிப்ரியாவுக்கு வயிற்றில் தங்கியது ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. இது இரண்டாவது தடவை. துக்கம் வந்த வீட்டில் ஒரு காரணம் வேண்டியிருந்தது. காரணத்தைப் பக்கம் நூற்று நாற்பதில் அச்சடித்தே வைத்திருந்தார்கள், பாவிகள். 'செய்வினை வைத்தவரைக் கண்டறியும் பன்னிரண்டு அடையாளங்கள்.'

முந்தின நாள் புத்தகம் திரும்பி வந்ததுமே அந்தப் பக்கத்தை ஷோபனா பார்த்திருந்தாள். அமிர்தம் பென்சிலால் குறி போட்டிருந்தாள். தனியாக இருப்பாள் என்பதற்கு ஒன்று. நாற்பது வயதுக்குள் தாலி இழந்தவள் என்பதற்கு ஒன்று. பிள்ளை இல்லாதவள் என்பதற்கு ஒன்று. இப்படி அம்சத்துக்குப் பொருந்துகிற ஒன்பதுக்கும் குறி. 'கருவுற்ற பெண்ணைக் கண்டு பெருமூச்சு விடுவாள்' என்ற வரிக்கு மட்டும் இரண்டு தடவை அழுத்திப் போட்டிருந்தாள். தாள் கிழியாதது ஆச்சரியம்தான்.

ஷோபனா இழுப்பறைமேல் கையை வைத்துக்கொண்டு, "அது குப்பைக்கா. அதப் படிச்சு என்ன செய்யப் போறீங்க?" என்றாள்.

அம்சம் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஐம்பத்துநாலு வயது. நடவுக் கூட்டத்துக்குத் தலைமையாக நின்று இருபது பெண்களை வேலை வாங்கியவள். இந்தச் சம்பாவுக்கு அவளை ஒருத்தரும் வயலுக்குக் கூப்பிடவில்லை.

"வெள்ளிக்கெழம காலைல மாரியம்மன் கோயில்ல சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணணுமாம். தர்மகர்த்தா அரசப்பன் ஆள் விட்டு சொல்லிட்டாரு. பண்ணலன்னா ஊர்ல இருக்க முடியாது மேடம். வீட்டக் காலி பண்ணிட்டுப் போன்னு சொல்லிருவாங்க."

"அப்படின்னா பண்ணிட வேண்டியதுதானக்கா? நீங்கதான் ஒண்ணும் செய்யலியே."

"அதுதான் எனக்குத் தெரியல" என்றாள் அம்சம்.

ஷோபனா அவள் முகத்தையே பார்த்தாள்.

"தகடு வைக்கல, மண்ணு எடுக்கல. அது அந்த ஆத்தாளுக்கே தெரியும். ஆனா ஆடி மாசம் வாய்க்கால் படித்துறைல அந்தப் புள்ளயப் பாத்தேன். வயிறு லேசாத் தெரிஞ்சுது. என்னயும் அறியாம ஒரு பெருமூச்சு வந்துருச்சு. அமிர்தம் அக்கா பக்கத்துலதான் நின்னாங்க, கேட்டாங்க. அந்த மூச்சுக்குள்ள என்ன இருந்துச்சு மேடம்? 'எம் மனசுல ஒண்ணுமில்ல'ன்னு சூடத்த அணைக்கச் சொல்றாங்க. பொய் சத்தியம் எப்படிப் பண்ணுவேன்? தெரியாமகூடச் செய்வினை செய்ய முடியுமா? புஸ்தகத்துல அது போட்டிருக்குமான்னு பாக்கத்தான் வந்தேன். அறிவொளி வகுப்புல எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டேன். மெல்லப் படிச்சுருவேன்."

அடக் கடவுளே! கூசாமல் பொய்ச் சத்தியம் செய்கிறவன் நிமிர்ந்து நடக்கிற உலகம் இது. தன் மூச்சுக்குள் என்ன இருந்தது என்று தெரியாததால் சத்தியத்துக்குப் பயப்படுகிறாள் இவள். அந்தப் பயத்தையே ஊர் குற்றம் என்று எடுத்துக்கொள்ளப் போகிறது.

"புதன்கெழம வாங்கக்கா. நான் வேற புஸ்தகம் பாத்து வைக்கறேன்" என்றாள். இந்தத் தடவை அது பொய்யில்லை.

செவ்வாய்க்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினாள். அங்கே பெரிய நூலகத்தில் வேலை பார்க்கும் இளஞ்செழியன் அவளுக்குத் தெரிந்தவர். "மாந்திரீகமா? என்ன மேடம், நீங்களுமா?" என்று சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, எங்கெங்கோ அலமாரிகளில் தேடிப் பதினான்கு புத்தகங்களைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

கண்காட்சியில் செய்யாததை அன்று ஷோபனா செய்தாள். ஒவ்வொன்றையும் உட்கார்ந்து படித்தாள். ஐந்து புத்தகங்களைக் கடைசிப் பக்கத்திலிருந்தே கழித்துவிட முடிந்தது. பயமுறுத்துவது பாதிப் புத்தகம், பரிகாரத் தகடு வேண்டுவோர் அழைக்க வேண்டிய போன் நம்பர் கடைசிப் பக்கம். அவள் இழுப்பறையில் கிடந்ததும் இதே ரகம்தான். இன்னும் மூன்றில் 'ஒரு ஊரில்', 'ஒரு பெண்' என்றே எல்லாம் இருந்தது. எந்த ஊர், எந்த வருடம், பார்த்தது யார் என்று ஓர் இடத்திலும் இல்லை. மூடநம்பிக்கையைச் சாடும் புத்தகம் ஒன்றை ஆசையோடு எடுத்தாள். எழுதியவருக்கு நம்புகிறவர்கள்மேல் ஒரே கேலி. பழி சுமந்தவளும் அவருக்கு அறிவில்லாதவள்தான். இதை அம்சத்தின் கையில் எப்படிக் கொடுப்பது?

விக்கா என்கிற வழிபாட்டைப் பற்றி ஒரு மொழிபெயர்ப்பும் இருந்தது. இங்கிலாந்துப் பக்கத்தில் சில பெண்களும் ஆண்களும் தாங்களாகவே தங்களைச் சூனியக்காரர் என்று சொல்லிக்கொள்கிறார்களாம். பௌர்ணமிக்கு விளக்கேற்றி, அறுவடைக்கும் பருவத்துக்கும் பூசை செய்கிறார்களாம். யாருக்கும் கெடுதல் செய்யாதே என்பதுதான் அவர்களுக்கு முதல் விதியாம். எழுதியவள் தன் பெயரையும் ஊரையும் சொல்லி, தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் எழுதியிருந்தாள். நேர்மையான புத்தகம், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் அங்கே அது விரும்பிச் சூடிக்கொண்ட பெயர். நெடுங்கோட்டகத்தில் அது தலையில் கட்டிய பெயர்.

மூன்று மணிக்கு மேல்தான் அந்த ஒல்லிப் புத்தகம் கைக்கு வந்தது. அட்டையில் படம்கூட இல்லை. எழுதியவர் ஓர் ஆய்வு மாணவி. வறண்ட மாவட்டம் ஒன்றில் செய்வினைப் பழி சுமந்த பதினேழு பெண்களைத் தேடிப் போய்ப் பேசியிருந்தார். தேதி இருந்தது, யார் என்ன சொன்னார்கள் என்பது அவர்கள் பேச்சிலேயே இருந்தது. ஒவ்வொரு தடவையும் பழி சொன்ன வீட்டுக்கும் போயிருந்தார், பழி சுமந்தவள் வீட்டுக்கும் போயிருந்தார். இரண்டு வீட்டிலும் ஒரே கேள்வி கேட்டிருந்தார்: 'உங்களுக்கு என்ன பறிபோனது?' பழி சொன்ன வீட்டில் உடனே பதில் வந்தது. மாடு, பிள்ளை, பயிர். பழி சுமந்தவள் வீட்டில் அந்தக் கேள்வியை அதற்கு முன் யாருமே கேட்டிருக்கவில்லை.

ஷோபனா அந்தப் புத்தகத்தைக் கடைசிவரை படித்து மூடினாள். பிறகு இளஞ்செழியனிடம் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினாள்.

புதன்கிழமை அம்சம் வந்தாள். ஷோபனா இரண்டு அத்தியாயங்களை அவளுக்கு வாசித்துக் காட்டினாள். இடையில் விக்கா பெண்களைப் பற்றியும் சொன்னாள்.

"அவங்களாவே அப்படிச் சொல்லிக்கறாங்களா?" அம்சம் வியந்துபோனாள். "அப்பறம் அவங்கள நடவுக்குக் கூப்புடுவாங்களா?"

ஷோபனா புத்தகத்தில் இருந்த கேள்வியைத் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "உங்களுக்கு என்ன போச்சுக்கா?"

வெளியே வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. அம்சம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "இத நான் கொண்டுபோலாமா?" என்று கேட்டு, புத்தகத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு எழுந்தாள்.

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. ஆனாலும் ஷோபனா ஒன்பது மணிக்கெல்லாம் மாரியம்மன் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தினாள். ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். மண்டபத்துப் படியில் கவிப்ரியா உட்கார்ந்திருந்தாள். இருபத்துநாலு வயதுப் பெண், முகத்தில் ஒரு சொட்டு ரத்தமில்லை. பக்கத்தில் அமிர்தம் நின்றிருந்தாள். அரசப்பன் தாம்பாளத்தில் சூடத்தை அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஷோபனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். "ஐயா, ஒரு நிமிஷம். அந்தப் புஸ்தகத்த ஊருக்குக் கொண்டாந்தது நாந்தான். அதுல இருக்கறது அத்தனையும் பொய்யிங்க. எழுதுனவன் தகடு விக்கறவன். அத வச்சு ஒரு பொம்பளயத் தண்டிக்காதீங்க."

"பொய்யின்னா அத எதுக்கு லைப்ரரில வச்சீங்க?" என்று கேட்டாள் அமிர்தம்.

அதற்கு ஷோபனாவிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. "படிச்சுப் பாக்காம வாங்கிட்டேன். தப்பு என்னோடதுதான்" என்றாள். கூட்டத்தில் யாரோ 'ச்சே' என்றார்கள். அது நியாயம்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

"அது வேற விஷயம் மேடம். அத நாம அப்பறம் பேசிக்கலாம்" என்றார் அரசப்பன். சூடத்தைக் கொளுத்தினார். "வா அம்சம். எம் மனசுல ஒண்ணுமில்லன்னு சொல்லிக் கைய வச்சு அணை."

அம்சம் முன்னால் வந்தாள். கையை நீட்டினாள். சுடர்மேல் ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கை நின்றது. பிறகு கையை இழுத்துக்கொண்டாள்.

"பாத்தியளா!" என்று ஒரு குரல் எழுந்தது. கூட்டம் கசமுசாவென்று பேச ஆரம்பித்தது. ஷோபனா கண்ணை மூடிக்கொண்டாள். தோற்றாயிற்று என்றுதான் நினைத்தாள்.

அம்சம் சாமிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, படியில் உட்கார்ந்திருந்த கவிப்ரியாவைப் பார்த்துப் பேசினாள்.

"மனசுல ஒண்ணுமில்லன்னு நான் சொல்ல மாட்டேன் தாயி. இருந்துச்சு. ஒன் வயசுல எனக்கும் தங்குச்சு. ஆறாம் மாசம். நாத்துக் கட்டத் தூக்கிக்கிட்டு வரப்புல போறேன், வலி வந்துருச்சு. அங்கனயே உக்காந்துட்டேன். நாலாம் நாளு நடவுக்குப் போயிட்டேன். என்னாச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. எம் புருஷன்கூட அதப் பத்தி வாயத் தொறந்ததில்ல. மறந்துட்டேன்னு நெனச்சேன். படித்துறைல ஒன் வயித்தப் பாத்ததும் மறக்கலன்னு தெரிஞ்சுது. அந்த மூச்சு அதான். ஒன் புள்ளைக்குக் கெடுதல் நெனைக்கல. எம் புள்ளய நெனச்சேன். இதுக்கு எந்த சூடத்த அணைக்கணும்னு எனக்குத் தெரியல."

கசமுசா நின்றது. கூட்டத்தில் இருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவர்களில் எத்தனை பேர் வரப்பில் உட்கார்ந்தவர்களோ, யார் கண்டது.

கவிப்ரியா மெல்ல எழுந்து வந்தாள்.

"பொண்ணா, பையனா பெரியம்மா?"

"பொண்ணு."

"பாத்தீங்களா?"

"பாத்தேன் தாயி. கையில வாங்கிப் பாத்தேன்."

"எனக்குக் காட்டவே இல்ல பெரியம்மா" என்றாள் கவிப்ரியா. "ரெண்டு தடவையும் காட்டவே இல்ல." ஒரு மாதமாக அழாதவள், எல்லார் முன்னாலும் வாய்விட்டு அழுதாள். அம்சம் அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை.

அரசப்பன் தாம்பாளத்தைக் கீழே வைத்தார். அமிர்தத்தைப் பார்த்தார். அமிர்தம் மருமகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்பது அடையாளங்களுக்குக் குறி போட்ட அந்தக் கை தூணைப் பிடித்திருந்தது.

"காட்ட வேணாம்னு நர்ஸுகிட்ட சொன்னது நாந்தான்" என்றாள். அவளை யாரும் கேட்கவில்லை. "தாங்க மாட்டாளேன்னு சொன்னேன். ரெண்டு தடவையும் நாந்தான் சொன்னேன்."