இன்னொருத்தியின் தம்பி

சுவீடனில் துவாரகாவின் பெயரை அறியாத வாசகர்கள் குறைவு. பதினெட்டு வயதில் அகதியாகப் போய் இறங்கியவள், முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டே அந்த மொழியைப் படித்து, முப்பத்தைந்தாவது வயதில் ஒரு நாவல் எழுதினாள். தொண்ணூற்றைந்தில் போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்துச் சனநெரிசலில், ஐந்து வயதுத் தம்பியின் கையை விட்டுவிடும் ஓர் அக்காவின் கதை. நான்கு லட்சம் பிரதிகள் விற்றன. பிறகு எழுதிய ஐந்து நாவல்களும் அதன் தயவில்தான் ஓடின.

துவாரகாவுக்குத் தம்பியே கிடையாது.

அந்தத் தம்பி அன்ரனெற்றுடையவன். சுவீடனில் அகதி முகாமில் இருவருக்கும் ஒரே அறை. ஒருநாள் உடுப்புத் தோய்க்கும் இடத்தில் வைத்து அன்ரனெற் சொன்னாள்: "பை வழுக்கினது. மாத்திப் பிடிக்கத்தான் கையை விட்டனான். திரும்பிப் பாக்க இக்னேசியஸ் இல்லை." வேறு ஒருவருக்கும் சொன்னதில்லை என்றாள். பிறகு கலியாணம் கட்டிக் கனடாவுக்குப் போய்விட்டாள்.

"சொந்த அனுபவமா?" என்று முதல் பேட்டியில் கேட்டபோது துவாரகா தலையைக் குனிந்தாள். ஆமென்று எழுதிவிட்டார்கள். அவள் திருத்தவில்லை. மூன்றாவது பேட்டியில் "என் தம்பி" என்றே சொன்னாள்.

பத்து வருடம் கழித்து ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. ரொறன்ரோவில் ஒரு நூலகம் அவளை அழைத்தது. கூட்டம் பின்னேரம் நாலு மணிக்கு. காலையிலேயே அவள் அன்ரனெற் இருந்த அஜக்ஸுக்கு ரெயின் எடுத்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தைகளில், அன்ரனெற் கதவைத் திறந்ததும் ஒன்றும் மிஞ்சவில்லை.

"சப்பாத்தைக் கழட்டிட்டு வா," என்றாள் அன்ரனெற், நேற்றும் வந்துபோனவளிடம் சொல்வதுபோல. தேத்தண்ணி வைத்துவிட்டு அவளே தொடங்கினாள். "என்ர மகள் மிதுஷா உன்ர புத்தகத்தை அழுது அழுது வாசிச்சவள். எனக்கும் கதையைச் சொன்னவள். எனக்கொரு தம்பி இருந்தது அவளுக்குத் தெரியாது."

"உன்னட்டைக் கேட்டிருக்க வேணும். பிழைதான்."

"கேட்டிருந்தா ஓமெண்டுதான் சொல்லியிருப்பன். கடைசியில அவனை ஏன் திரும்பி வரப் பண்ணினனீ?"

நாவலின் முடிவில் தம்பி கிடைத்துவிடுகிறான். முதலில் அப்படி இல்லை. வாசகர்களுக்கு ஒரு நம்பிக்கை வேண்டும் என்று பதிப்பாளர் சொன்னதும், இரண்டு நாளில் மாற்றி எழுதிக் கொடுத்தாள்.

"செத்திட்டான் எண்டு நினைக்கப் பழக எனக்கு இருபத்தைஞ்சு வருசம் எடுத்தது," என்றாள் அன்ரனெற். "இப்ப ஆர் பெல் அடிச்சாலும் அவனோ எண்டு நெஞ்சு திடுக்கிடுது."

"நான் என்ன செய்ய வேணும், சொல்லு."

"உன்ர தம்பி இல்லை எண்டு சொல்லு. என்ர பேரைச் சொல்லாதை. மிதுஷாவுக்கு நான்தான் சொல்ல வேணும்."

நூலகத்தில் நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். கேள்வி நேரத்தில் முன்வரிசையிலிருந்து பரிமளம் என்ற வயதான பெண் எழுந்தார். "பிள்ளை, தம்பி இப்ப சுகமா இருக்கிறாரோ? அவருக்காக றிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்கு அர்ச்சனை செய்தனான்."

துவாரகா எழுந்து நின்றாள். "எனக்குத் தம்பி இல்லை, அன்ரி. அது ஒரு சிநேகிதியின்ர தம்பி. அவன் திரும்பி வரேல்லை. இவ்வளவு காலமும் நான் பொய் சொன்னனான்." அதையே ஆங்கிலத்திலும் சொன்னாள்.

பின்வரிசையில் ஒருவர் புத்தகத்தைக் கதிரையில் வைத்துவிட்டு வெளியேறினார். பரிமளம் மெதுவாக உட்கார்ந்தார். "அந்தப் பிள்ளை பாவம்," என்றார். யாரைச் சொன்னார் என்று துவாரகா கேட்கவில்லை.

சுவீடன் பத்திரிகைகள் ஒரு மாதம் அவளைக் கிழித்து எழுதின. அது அவளுக்கு வலிக்கவில்லை. "பெல் அடிச்சாலும்" என்ற அந்தச் சொல்தான் எழுத உட்கார்ந்த போதெல்லாம் வந்து நின்றது. எழுதுவதை நிறுத்தினாள். புதிய பதிப்பில், தம்பி திரும்பி வராத முதல் முடிவைத் திருப்பிப் போடச் சொன்னாள், போட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து அன்ரனெற் போன் எடுத்தாள். "மிதுஷாவுக்குச் சொல்லிப்போட்டன். நாலு நாள் என்னோட கதைக்கேல்லை. இப்ப அவனைப் பற்றி ஒரே கேள்வி. என்ன சாப்பிடுவான், எப்பிடிச் சிரிப்பான் எண்டு."

"நீ என்ன சொல்லுறனீ?"

"ஞாபகம் இருக்கிறதைச் சொல்லுறன். சிலது மறந்துபோச்சு."

முகாமில் அவனைப் பற்றி அன்ரனெற் சொன்னவை துவாரகாவுக்கு இன்னும் அப்படியே நினைவிருந்தன. சொல்லட்டுமா என்று கேட்க வாயெடுத்தாள். அதற்கும் தனக்கு உரிமை இல்லை என்று பட்டது.

"மறந்ததை நீயே என்னட்டைக் கேளன்," என்றாள் கடைசியில். "கேட்டா மட்டும் சொல்லுறன்."

மறுமுனையில் அன்ரனெற் அவனைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினாள்.