செல்லக்கண்ணு பிரித்து வைத்த ஆர்க்கெஸ்ட்ரா

ஹெப்பாள் தெருக்குழாயில் ஒரு குடம் நிரம்பக் கால்மணி நேரமாகும். அதற்குள் மூன்று பேரின் பிழைப்பை அலசிக் காயப்போட்டுவிடலாம். தொண்ணூற்றைந்தில் அங்கே தினம் அலசப்பட்டவர்கள் ‘முத்துமாலை மெல்லிசைக் குழு’வின் மாஜிகள்: பாட்டுக்காரர் சுப்பையா, கீபோர்டு பரத், டிரம்ஸ் முனிராஜ். சாமராஜநகர் வரை கல்யாண மண்டபங்களைக் கலக்கிய குழு. அதைக் கலைத்த புண்ணியவதி முனிராஜின் மனைவி செல்லக்கண்ணு. போஸ்டரில் புருஷன் முகம் வரவில்லை என்று வழக்காடி, அவரைக் குழுவிலிருந்து பிரித்துக் கூட்டிவந்துவிட்டாள். “அவரு அடி இல்லாட்டி இவங்க பாட்டு வெறும் முனகல்” என்று இதே குழாயடியில்தான் சொன்னாள்.

எட்டு மாதமாயிற்று. சுப்பையா பக்திப் பாட்டுக் கேசட் போட்டுவிட்டார். பரத் கீபோர்டு வகுப்பு நடத்தி வண்டி வாங்கிவிட்டான். முனிராஜுக்குக் கிடைத்தது ஓர் உரக்கடைத் திறப்பு விழா. ரிப்பன் வெட்டும்வரை டிரம்ஸை உருட்டச் சொன்னார்கள். வெட்ட வேண்டியவர் இரண்டு மணி நேரம் தாமதம். இரண்டு மணி நேரமும் உருட்டினார்.

“ஏன் செல்லி, சுப்பண்ணன் கேசட்டு எங்க நாத்தனார் வீட்டுலகூட ஓடுது. உங்க வீட்டுக்காரரோடது எப்போ?” என்றாள் குழாயடி வரிசையில் நின்ற மாரக்காள்.

“அவரு அடிச்சா கேசட்டு தாங்காதுக்கா.”

“ஹௌதா?” என்றாள் அடுத்த குடத்துக்காரி லிங்கம்மா. அப்படியா என்ற அந்த ஒற்றைக் கன்னட வார்த்தைதான் செல்லக்கண்ணுவுக்கு அதிகமாக எரிந்தது.

கணேச சதுர்த்திப் பந்தலில் அவருக்கு ஒரு கச்சேரி பிடித்து, ‘தனி டிரம்ஸ் முனிராஜ்’ என்று பெரிய முகத்தோடு போஸ்டர் அடிக்க வைத்தாள். இதுவும் சொதப்பினால் வேறு தெருவில் குழாய் தேட வேண்டியதுதான்.

சொதப்பியது. வந்தவர்கள் பதினொரு பேர். அதில் நாலு பேர் நாற்காலி கிடந்ததால் உட்கார்ந்தவர்கள். இரண்டாவது உருட்டலிலேயே ஒருவர் கொட்டாவி விட்டார். அந்த நேரம் பார்த்து, அடுத்த தெருப் பந்தலிலிருந்து சுப்பையாவின் குரல் ஒலிபெருக்கியில் மிதந்து வந்தது. பழைய கல்யாணப் பாட்டு. முனிராஜின் கை கேட்காமலே அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஜனம் நிமிர்ந்தது.

‘நிறுத்துங்க’ என்று சைகை காட்ட எழுந்த செல்லக்கண்ணு அப்படியே நின்றாள். மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார். எட்டு மாதத்தில் அந்தப் பல்வரிசையை அவள் பார்க்கவே இல்லை. மைக்செட்காரரிடம் போனாள்.

“அண்ணே, ஹாரன் ஸ்பீக்கரை அந்தத் தெருப் பக்கம் திருப்புங்க. சத்தத்தையும் ஏத்துங்க.”

திருப்பினார்கள். அங்கே பாட்டு சரணத்துக்கு முன்னால் சட்டென்று நின்றது. வழக்கமாக முனிராஜ் ஓர் உருட்டு விடும் இடம். விட்டார்.

“யோவ் முனி, லேட்டுய்யா!” என்று சுப்பையா மைக்கிலேயே சிரித்தார். இரண்டு தெருவும் விசிலடித்தது.

மறுநாள் குழாயடியில் மாரக்காள் காத்திருந்தாள். “அப்போ திரும்பச் சேந்தாச்சா?”

“யாரு சேந்தா? எங்க வீட்டுக்காரர் தனியாத்தான் வாசிச்சாரு” என்று குடத்தை இடுப்பில் ஏற்றினாள் செல்லக்கண்ணு. “சுப்பண்ணன்தான் ஆசைப்பட்டுப் பக்கத்துத் தெருவுல இருந்து கூடப் பாடினாரு. பாவம், வேண்டாம்னா சொல்ல முடியும்? அடுத்த கல்யாணத்துக்கும் வர்றேங்கிறாரு.”

“ஹௌதா?” என்றாள் லிங்கம்மா.